இசையும் மெய்ப்பாடும்: கேட்போர் கிளர்ச்சியின் சமூக அடிப்படை பற்றிய சில குறிப்புகள்

1. வினாவும் பழைய விடைகளும்

இசை கேட்கும் ஒருவருக்கு மயிர் கூச்செறிகின்றது, கண்ணீர் பெருகுகின்றது, நெஞ்சு விம்முகின்றது, கால்கள் அவரறியாமலே தாளமிடுகின்றன. சில வேளைகளில் அவர் தன்னிலை மறந்து ஆடவுஞ் செய்கின்றார். அவருக்கு எதிரே அஞ்சத்தக்க விலங்கு எதுவுமில்லை, பசிக்கு உணவுமில்லை, இழப்புச் செய்தி எதுவும் வந்து சேரவுமில்லை. காற்றில் எழும் அதிர்வு மட்டுமே அங்குண்டு. வெறும் அதிர்வு மனிதவுடலை இவ்வளவு தூரம் ஆட்கொள்வது எங்ஙனம் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினாவாகும்.

இவ்வினாவுக்கு எமது மரபில் வழங்கிவந்த விடை, ஆற்றல் முழுவதும் ஒலியிடத்தே உள்ளது என்பதாகும். பாலை வழியில் ஆறலை கள்வரும் யாழிசை கேட்டுப் படைக்கலம் நழுவவிட்டதைப் பொருநராற்றுப்படை பேசுகின்றது. குறவர் மகளின் பாட்டிற் கட்டுண்டு தினைப்புனத்து யானை உறங்கியதை அகநானூறு காட்டுகின்றது. ஆனாய நாயனாரின் குழலிசையில் பகையுயிர்களும் பகை மறந்து நின்றமையைச் சேக்கிழார் விரித்துரைக்கின்றார். இவை கவித்துவம் மிக்க சித்திரிப்புகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், விளக்கம் என்ற வகையில் இவை இசையைச் சமூகத்திலிருந்து கழற்றி எடுத்து, எவர் கேட்பினும் எங்கு கேட்பினும் ஒரே விளைவைத் தரும் மந்திரப் பொருளாக்கிவிடுகின்றன.

இரண்டாவது விடை இதற்கு நேர்மாறானது. இசையின் பயனை நுகர்தற்கு உயர்ந்த உள்ளம், பண்பட்ட சுவையுணர்வு, பிறவி வாசனை ஆகியன வேண்டும் என்பது அது. வடமொழி அழகியலாரின் 'சகிருதயர்' என்ற கருத்திலிருந்து இன்றைய சபா மண்டபத்து இரசிகர் பேச்சுவரை இதன் செல்வாக்கினைக் காணலாம். கச்சேரியிற் கண்கலங்குபவன் நுண்ணுணர்வாளன், கூத்துக்களரியிற் சீழ்க்கையடிப்பவன் பாமரன் என்ற பாகுபாடு இவ்விடையிலிருந்தே பிறக்கின்றது. இவ்விரு விடைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினும், ஒரு விடயத்தில் உடன்படுகின்றன. கேட்பவரின் வரலாறு, வாழ்நிலை, அவர் சார்ந்த மக்கட் கூட்டத்தின் அனுபவம் ஆகியவற்றை இரண்டுமே கணக்கில் எடுப்பதில்லை.

இசைக்கு இசையும் ஆற்றல் மனிதவுடலுக்கு இயற்கை அளித்தது. ஆனால் எவ்விசைக்கு, எவ்வேளையில், எவ்வகையில் அவ்வுடல் இசையும் என்பது சமூகத்தால் உருவாக்கப்படுவது. இதுவே நாம் இங்கு நிறுவ முயலும் கருத்தாகும்.

2. மெய்யின்கண் நிகழ்வது

தொல்காப்பியப் பொருளதிகாரம் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே வகுத்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகின்றது. உள்ளத்து நிகழ்வது உடலின்வழி பிறருக்குப் புலனாதலையே உரையாசிரியர்கள் மெய்ப்பாடு என விளக்கினர். தொல்காப்பியரைப் பொருள்முதல்வாதியாக்குவது எமது நோக்கமன்று. எனினும், உணர்ச்சியை உடலினின்றும் பிரித்துக் காணாத ஒரு நோக்கு எமது இலக்கணத்திலேயே உண்டென்பது மனங்கொள்ளத்தக்கது. 'மெய்ப்பாடு' என்ற சொல்லையே இக்கட்டுரையில் நாம் கையாளுவதற்கும் இதுவே காரணம்.

அண்மைக்கால உடலியல், உளவியல் ஆய்வுகள் இம்மெய்ப்பாட்டின் பொறிமுறையைக் கணிசமான அளவு துலக்கியுள்ளன. ஒலி செவியிலிருந்து முதலில் மூளைத்தண்டினைச் சேருகின்றது. திடீரென உரத்தெழும் ஒலி, அங்கு சிந்தனைக்கு முன்னரே உடலை விழிப்புறச் செய்கின்றது. இதயத் துடிப்பு மாறுதல், மூச்சின் வேகம் மாறுதல், மயிர் சிலிர்த்தல் ஆகியன எமது விருப்பத்துக்குக் கட்டுப்படாத தன்னியக்க நரம்புத் தொகுதியின் செயல்களாகும். சீரான தாளத்தைக் கேட்கும்போது, உடல் அசையாதிருந்தாலும், இயக்கத்தைத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் தொழிற்படுகின்றன. கேட்டல் என்பதே ஒருவகையில் அடக்கிவைக்கப்பட்ட ஆட்டமாகும். பிறந்து சில நாட்களேயான குழந்தையின் மூளை, தாளத்தில் ஓர் அடி விடுபடுவதைக் கண்டுகொள்கின்றது என்பதும் 2009இல் வெளிவந்த ஆய்வொன்றாற் காட்டப்பட்டது.

இன்பச் சிலிர்ப்புப் பற்றிய ஆய்வுகள் மேலும் முக்கியமானவை. இசையாலெழும் சிலிர்ப்பு, உடல் தானே சுரக்கும் அபின் ஒத்த பொருட்களோடு தொடர்புடையதாகலாம் என்பதை, அப்பொருட்களின் செயலைத் தடுக்கும் மருந்து சிலரிடத்துச் சிலிர்ப்பைக் குறைத்தமையைக் கொண்டு, கோல்ட்ஸ்டீன் 1980இல் எடுத்துக்காட்டினார். மொன்றியலில் பிளட், ஸற்றோரே ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வு, சிலிர்ப்பு மிகும்போது உணவும் போதையும் தூண்டும் அதே மூளைப் பகுதிகள் தூண்டப்படுவதைக் காட்டியது. சலிம்பூரும் அவர் குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, டோபமின் என்னும் வேதிப்பொருள் இரு கட்டங்களில் வெளிப்படுவதைக் கண்டது. உச்சநிலை அணுகுகின்றது என மனம் எதிர்பார்த்திருக்கும்போது ஒரு பகுதியிலும், உச்சநிலை நிகழும்போது வேறொரு பகுதியிலும் அது வெளிப்படுகின்றது. ஆகவே, இசை தரும் மெய்ப்பாடு கற்பனையன்று, வெறும் பாவனையுமன்று. அது பௌதிக உண்மையாகும்.

ஆனால் மூளையில் எது சுரக்கின்றது என்பதை அறிந்ததனாலேயே எமது வினா முழுவதும் விடைபெற்றுவிடாது. நெருப்பு ஏன் சுடுகின்றது என விளக்குவது வேறு. ஊரில் யாருடைய வீடு ஏன் எரிந்தது என விளக்குவது வேறு.

3. எதிர்பார்ப்பும் பழக்கமும்

மேற்குறிப்பிட்ட 2001ஆம் ஆண்டு ஆய்வின் அமைப்பை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். அவ்வாய்விற் பங்குபற்றியோர் பத்துப்பேர். தமக்குச் சிலிர்ப்பைத் தரும் இசையை அவர்களே தெரிந்தனர். ஒருவர் தெரிந்த இசையே மற்றொருவருக்கு ஒப்புநோக்குவதற்கான, கிளர்ச்சி தராத இசையாக அளிக்கப்பட்டது. அதாவது, ஒருவரை உலுக்கிய அதே ஒலி மற்றவரை உலுக்கவில்லை என்பதன் மீதே அந்த ஆய்வு கட்டப்பட்டிருந்தது. ஆற்றல் முழுவதும் ஒலியிடத்தே உளதாயின் இவ்வாறு ஆய்வை அமைத்திருக்கவே முடியாது.

இவ்வேறுபாடு எங்கிருந்து வருகின்றது? லியோனார்ட் மெயர் 1956இல் வெளியிட்ட நூலில், இசையுணர்ச்சியின் ஊற்று எதிர்பார்ப்பே என வாதிட்டார். ஒரு சுரத்துக்குப்பின் எது வரும் என மனம் எதிர்நோக்குகின்றது. அது தாமதிக்கும்போதோ, திசைமாறும்போதோ, இறுதியில் நிறைவேறும்போதோ உணர்ச்சி எழுகின்றது. ஜோன் ஸ்லொபோடா 1991இல் 83 பேரிடம் வினவித் தொகுத்த விவரங்கள் இக்கருத்துக்கு அரண் செய்தன. கண்ணீர், சிலிர்ப்பு ஆகியவற்றைத் தந்த இடங்களெனக் கேட்போர் சுட்டியவை, பெரும்பாலும் எதிர்பார்ப்பு நீட்டப்பட்ட அல்லது முறிக்கப்பட்ட இடங்களாகவே இருந்தன. எமது நாதஸ்வரக் கலைஞர் இராக ஆலாபனையில் ஒரு சுரத்தைத் தொடாமற் சுற்றிச் சுற்றி வந்து, கேட்போர் ஏங்கும் வேளையில் அதிற் போய் நிற்பதும், தவிற்காரர் கோர்வையைப் பல திருப்பங்களின் பின் சமத்தில் இறக்கும்போது கூட்டம் ஒருமித்துத் தலையசைப்பதும் இப்பொறிமுறையின் வழிப்பட்டனவே.

எதிர்பார்ப்பு என்பது கற்றலின் விளைவு. இராகத்தின் போக்கை அறியாதவனுக்கு அதிலிருந்து விலகுதல் விலகலாகத் தோன்றாது. சமம் எங்குள்ளது என அறியாதவனுக்குக் கோர்வையின் இறக்கம் வெறும் சத்தமே. இக்கல்வி குருவிடம் பெறுவது மட்டுமன்று; தாலாட்டிலிருந்து இழவுவீடு வரை ஒரு சமூகத்தினுள் வாழ்வதாலேயே பெறப்படுவதுமாகும்.

இங்கு நாம் மிகைக் கூற்றுக்கு இடந்தரலாகாது. மேனாட்டிசையை முன்னர் கேட்டறியாத, கமரூன் நாட்டு மஃபா மக்கள் அவ்விசையில் மகிழ்ச்சி, துயரம், அச்சம் ஆகியவற்றை ஓரளவு சரியாகவே இனங்கண்டனர் என 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. விரைவு, மென்மை, உரப்பு முதலியவற்றில் மனிதக் குரலின் பொதுவான குறிகள் இசையிலும் உள்ளமையே இதற்குக் காரணமாகலாம். அதேவேளை, பொலிவியாவின் சிமானே மக்கள், மேனாட்டார் இனியவை என்றும் இன்னாதவை என்றும் பிரிக்கும் சுரச்சேர்க்கைகளை ஒரே அளவில் இனியனவாகவே மதித்தனர் என்பதை 2016இல் மக்டெர்மட் குழுவினர் கண்டறிந்தனர். இயற்கை விதியெனப் பல நூற்றாண்டுகளாகப் பேசப்பட்ட இனிமையும் கற்றுக்கொண்ட ஒன்றாக இருத்தல் கூடும் என்பது இதனாற் பெறப்படுகின்றது. இயற்கை ஒரு எல்லையை வகுக்கின்றது. அவ்வெல்லைக்குட் பயிர் செய்வது சமூகமே.

இவ்வுண்மையை இளமைக்கால மார்க்ஸ் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படிகளில் வேறொரு வகையிற் கூறியுள்ளார். ஐம்புலன்களின் உருவாக்கமே இதுவரையான உலக வரலாற்றின் உழைப்பால் விளைந்தது என்பதும், இசையுணரும் செவியை இசையே தோற்றுவிக்கின்றது என்பதும் அவர் கருத்தாகும். ஆய்வுகூடக் கருவிகள் எதுவுமின்றி அவர் வந்தடைந்த இம்முடிபுக்கு இன்றைய ஆய்வுகள் வலுச்சேர்க்கின்றன எனலாம்.

4. உருவேறுதல்

ஒலியே அனைத்தையும் செய்கின்றது என்போர் தமக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவது, உருவேறுதல் அல்லது தெய்வமாடுதலாகும். முழவொலியின் சீரான அடிகள் மூளையின் மின்னலைகளைத் தம்வயப்படுத்தி மனிதரைத் தன்னிலை இழக்கச் செய்கின்றன என 1960களின் தொடக்கத்தில் அன்ட்ரூ நெஹர் கருதினார். பிரெஞ்சு இசை மானிடவியலாளர் ஜில்பேர் ரூஜே 1980இல் வெளியிட்ட விரிவான நூலில் இக்கருத்தை மறுத்தார். முழவுக்கு அத்தகைய தன்னியக்க ஆற்றல் இருப்பின், முழவொலிக்கும் நாடுகளில் மக்கள் ஆண்டு முழுவதும் ஆவேசத்திலேயே இருத்தல் வேண்டும். உண்மையில், யார், எப்போது, எந்தப் பாட்டுக்கு உருவேறுவர் என்பதை அவ்வச் சமூகமே முன்கூட்டி வரையறுத்துள்ளது.

கிழக்கிலங்கையின் அம்மன் கோவிற் சடங்குகளை அறிந்தோருக்கு இது புதிய செய்தியன்று. உடுக்கும் பறைமேளமும் சிலம்பும் ஒலிக்க, அவ்வத் தெய்வத்துக்குரிய பாடல் பாடப்படும்போது, அத்தெய்வத்துக்குரியவர் எனச் சமூகம் ஏற்றுக்கொண்டவரே பொதுவாக ஆடுகின்றார். பறையொலிக்கு மிக அண்மையில் நிற்பவர் அதனை முழக்குபவரே. ஒலியே காரணமாயின் அவரே முதலில் உருவேறுதல் வேண்டும். ஆனால் அவர் நிதானமாகத் தாளத்தை நிறுத்தியும் விரைவுபடுத்தியும் ஆடுபவரை வழிநடத்துகின்றார். சங்க இலக்கியத்து வெறியாட்டுக் களத்திலும் இத்தகைய நியதி உண்டு. அங்கு வெறியாடுபவன் வேலனே, கூடிநிற்போர் அனைவருமல்லர். உருவேறுதல் பொய்யான நடிப்பு என்பது இதன் பொருளன்று. நடுக்கமும் வியர்வையும் மெய்யானவையே. ஆனால், அம்மெய்ப்பாட்டுக்கு வழிதிறந்து வைத்திருப்பது மக்கள் கூட்டத்தின் நம்பிக்கையும் பயிற்சியும் எதிர்பார்ப்புமாகும்.

5. உழைப்பும் தாளமும்

இசை மெய்ப்பாடு சமூகத்தால் உருவாக்கப்படுகின்றது எனின், சமூக வாழ்வின் எப்பகுதி அதற்கு அடித்தளமாகின்றது என்ற வினா எழும். ஜேர்மானியப் பொருளியலாளர் கார்ல் பியூகர் 1896இல் வெளியிட்ட 'உழைப்பும் தாளமும்' என்ற நூல் இத்துறையில் முன்னோடியானது. கூட்டுழைப்பின் ஒத்திசைவான அசைவிலிருந்தே தாளமும் பாட்டும் பிறந்தன என்பது அவர் கருத்து. கிறிஸ்தோபர் கோட்வெல் 1937இலும் ஜோர்ஜ் தொம்சன் 1945இலும் வெளிவந்த தம் நூல்களில் இதனை மார்க்சிய நோக்கில் விரிவுபடுத்தினர். ஈழத்து மார்க்சியத் திறனாய்வாளர்களுக்கு இவை நன்கு அறிமுகமானவை. இசையின் தோற்றம் முழுவதையும் உழைப்பொன்றினால் விளக்கிவிடலாம் என்பதை இன்று நாம் அப்படியே ஏற்க முடியாது. தாய்க்கும் சேய்க்குமிடையான குரலுறவு, துணைநாடல், சடங்கு ஆகியனவும் கருதப்படவேண்டியவை. எனினும், ஒருமித்த தாளம் தனித்தனி உடல்களை ஒரே உடலாக்குகின்றது என்ற அவர்களது அடிப்படை நோக்கு இன்றும் செல்லுபடியாவதே.

இவ்வகையில் தொல்காப்பியத்தின் கருப்பொருட் பட்டியல் மீண்டும் படிக்கத்தக்கது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, செய்தி, யாழ் என அது நிரல்படுத்துகின்றது. 'செய்தி' என்பது தொழில். ஒரு நிலத்தின் உணவும் தொழிலும் தெய்வமும் எங்கு வைத்து எண்ணப்பட்டனவோ அங்கேயே அந்நிலத்தின் பறையும் யாழும் வைத்து எண்ணப்பட்டன. உரைகளும் அகப்பொருள் நூல்களும் தரும் பறைப் பெயர்களை நோக்குக. முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை. ஏறு தழுவலும் நெல் அரிதலும் மீன் கொள்ளலும் பறையின் பெயரிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. நெல்லரிகிணையின் ஒலி கேட்டு மருதநில உழவரின் தோள் எழுந்ததெனின், அதற்குக் காரணம் கிணையின் தோலும் மரமும் மட்டுமல்ல, அறுவடையுமாகும்.

6. ஒரே தப்பு, இருவகை மெய்ப்பாடு

பண்டைக்காலச் சான்றுகளுக்குப் பதிலாக அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு ஒன்றை இனி நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இருபதுகளிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் தம்முடன் தப்பினையும் கொண்டுவந்தனர். தோட்ட நிர்வாகம் அக்கருவியைத் தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டது. விடியுமுன் தப்பு முழங்கும். லயக் காம்பராக்களில் உறங்குவோர் எழுந்து பிரட்டுக்களத்துக்கு ஓடவேண்டும். அங்கே பேர் பதிந்து வேலை பிரிக்கப்படும். பிந்தியவருக்கு வேலையில்லை, வேலையில்லையேற் கூலியில்லை. இதுவே பிரட்டுத் தப்பு. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிச் சக்தீ பால ஐயா தமிழாக்கிய 'தேயிலைத் தோட்டத்திலே' இந்த ஒலியும் வைகறையும் கலந்த ஒரு நடுக்கத்தோடு தொடங்குவது தற்செயலன்று.

இதே தப்பு மாசி மாதத்துக் காமன் கூத்திலும் முழங்குகின்றது. காமன் கம்பம் நட்ட நாள் தொடங்கி இரவிரவாக அதன் ஒலி மலைகளில் எதிரொலிக்கின்றது. வீரபத்திரன் முதலிய உக்கிரமான பாத்திரங்கள் வரும்போது அடி விரைகின்றது, ஆடுவோரும் பார்ப்போரும் ஒரே கொதிநிலையை அடைகின்றனர், உருவேறுதலும் உண்டு. சிவனின் நெற்றிக்கண்ணால் காமன் எரிந்தபின் ரதியின் புலம்பல் எழும்போது கூட்டம் உறைந்து போகின்றது.

கருவி ஒன்று, தோல் ஒன்று, அடிப்பவரும் பெரும்பாலும் அதே சமூகத்தவரே. கேட்கும் உடல்களும் அவையே. ஆயினும், பிரட்டுத் தப்பு அவ்வுடலைத் திடுக்கிட்டு எழவைத்து விரட்டுகின்றது. கூத்துத் தப்பு அதே உடலை நிமிர்ந்து ஆடவைக்கின்றது. தாளக்கட்டில் வேறுபாடு உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவ்வேறுபாட்டால் மட்டும் இவ்விரு மெய்ப்பாடுகளையும் விளக்கிவிட இயலாது. முன்னையதில் ஒலி துரையினதும் கங்காணியினதும் நேரத்துக்கு உரியது. பின்னையதில் மக்கள் தமக்கென மீட்டுக்கொண்ட இரவுக்கு உரியது. உழைப்பின் ஆணையாகக் கேட்ட ஒலியை உழைப்பவர் தம் ஆட்டத்தின் ஒலியாக மாற்றும்போது, உடலில் எழும் எழுச்சியில் பகலில் அடக்கப்பட்டதும் சேர்ந்தே எழுகின்றது. ரதியின் புலம்பலில் அழும் பெண் ரதிக்காக மட்டும் அழுகின்றாள் என எவர் கூறுவர்? நோயாலும் வறுமையாலும் நாடற்றோராக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலும் அதனையடுத்து வந்த பிரிவுகளாலும் சிதறிய குடும்பங்களின் துயருக்கு அப்புலம்பல் ஒரு பொதுவான வாய்ப்பைத் தருகின்றது. தனியொருவர் துயரம் கூட்டத்தின் துயரமாகும்போது அது தாங்கத்தக்கதாகின்றது. ஒப்பாரி மரபின் உயிர்நிலையும் இதுவே.

7. பறையும் சாதியும்

இசை மெய்ப்பாட்டினைச் சமூக உறவுகளிலிருந்து பிரித்தல் இயலாது என்பதற்கு மிகக் கசப்பான சான்று பறையாகும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இழவுவீட்டிற் பறை முழங்குவது சாதிக் கடமையாக ஒரு சமூகத்தின்மீது சுமத்தப்பட்டிருந்தது. அவ்வொலி கேட்டு உறவினர் நெஞ்சு பதைத்தனர். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தனர். அம்மெய்ப்பாடு உண்மையானது. ஆனால், அதனை எழுப்பியவர் முற்றத்துக்கு வெளியே நின்றார். அவரது கலையின் ஆற்றல் வீட்டினுள் நுழைந்தது. அவர் நுழைய முடியவில்லை.

அக்கரைப்பற்றுப் பகுதியில் இச்சமூகத்தை ஆராய்ந்த டெனிஸ் மக்கில்வ்ரே 1983இல் வெளியிட்ட கட்டுரை, முழவுத்தொழிலோடு பிணைந்த சாதிக் கட்டுப்பாடுகளை விவாதித்தது. சாதியெதிர்ப்புணர்வு வளர்ந்தபோது பலர் பறையைத் தொடுவதையே கைவிட்டனர். கலை அழிகின்றதே எனச் சிலர் வருந்தினர். ஆனால், மற்றவர் செவிக்குச் சோகத்தின் கம்பீரமாக ஒலித்தது, அதனை முழக்கியவர் செவிக்கு இழிவின் ஒலியாகவும் இருந்தது என்பதை அவ்வருத்தம் மறந்துவிடுகின்றது. தமிழகத்தில் 1990கள் முதல் தலித் பண்பாட்டியக்கங்கள் பறையை விடுதலையின் குரலாக மேடையேற்றியபோது, அதே ஒலி பெருமிதத்தை எழுப்பலாயிற்று. கிழக்கிலங்கையிலும் பறைமேளக் கூத்து மதிப்புக்குரிய கலையாக மீள நோக்கப்பட்டு வருகின்றது. தோல் மாறவில்லை, அதிர்வெண் மாறவில்லை. ஒலியைச் சூழ்ந்த உறவு மாறும்போது மெய்ப்பாடும் மாறுகின்றது. தொல்காப்பியர் வழக்கிற் கூறுவதாயின், இளிவரல் பெருமிதமாயிற்று.

'உயர்ந்த' இசையே உயர்ந்த மெய்ப்பாட்டைத் தரும் என்னும் வாதம் இவ்விடத்தில் தகர்கின்றது. சபையிற் சிலிர்ப்பவரின் மூளையில் நிகழ்வதும் களரியிற் சிலிர்ப்பவரின் மூளையில் நிகழ்வதும் தன்மையால் வேறானவையென எந்த ஆய்வும் நிறுவவில்லை. வேறாயிருப்பவை அவர்கள் பெற்ற பயிற்சியும் அவர்களுக்குக் கிடைத்த மதிப்புமே.

8. நிறைவாக

இதுவரை கூறியவற்றிலிருந்து சில முடிபுகள் பெறப்படும். உடலின் ஆற்றல் இயற்கையானது. அதனை இயக்கும் எதிர்பார்ப்பு கற்றுக்கொள்ளப்படுவது. அவ்வெதிர்பார்ப்புக்குப் பொருள் தருவது கூட்டு வாழ்வும் உழைப்பும் அவற்றினுள் நிலவும் ஆதிக்க உறவுகளுமாகும்.

இவ்வாறு கூறுவது இசையின் இன்பத்தைச் சிறுமைப்படுத்துவதாகாது. லெனினைப் பற்றிக் கோர்க்கி எழுதிய நினைவுக்குறிப்பொன்று இங்கு கருதத்தக்கது. பீத்தோவனின் 'அப்பாசியனாட்டா' என்ற ஆக்கத்தை ஒப்பற்றதெனப் போற்றிய லெனின், இசையை அடிக்கடி கேட்க இயலாதிருப்பதாகவும், அது தம் நரம்புகளைத் தாக்கி, கடுமை வேண்டப்படும் காலத்தில் நெகிழ்ச்சியைத் தருவதாகவும் கூறியதாக அதிற் காண்கின்றோம். அவரது தயக்கத்தை நாம் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. ஆயினும், சிலிர்ப்பு எப்போதும் குற்றமற்றதன்று என்ற எச்சரிக்கை அதனுள் உண்டு.

எமது நாட்டு அனுபவமும் அதனையே உணர்த்துகின்றது. 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் இரு தரப்பிலும் பாடல்கள் இளைஞரைத் திரட்டவும், இறந்தோரைப் போற்றவும், துயரைத் துணிவாக மாற்றவும் பயன்பட்டன. அவற்றைக் கேட்டு எழுந்த மயிர்க்கூச்சு பொய்யன்று. ஆனால், மயிர்க்கூச்சு எழுந்தமையே ஒரு நிலைப்பாடு சரியானது என்பதற்குச் சான்றாகிவிடாது. நீதியான எழுச்சியிலும் அநீதியான வெறியிலும் ஒரே டோபமினே சுரக்கின்றது. மூளையின் அப்பகுதி நியாயம் பேசுவதில்லை. இன்றைய சந்தையும் இதனை நன்கறியும். கூட்டமாகக் கேட்ட இசையைச் செவிப்பொறி வழியே தனிமனிதரின் நுகர்பொருளாக்கி, சிலிர்ப்பை அளந்து விற்கின்றது.

எனவே இசையாராய்ச்சி இரு பணிகளை ஒருங்கே ஆற்றவேண்டியுள்ளது. ஒன்று, தப்பும் பறையும் உடுக்கும் ஒப்பாரியும் யாருடைய உழைப்பிலும் துயரிலும் உருப்பெற்றனவோ, அவர்களுடைய வாயிலாகவே அவற்றைப் பதிவுசெய்து ஆராய்தல். எமது பல்கலைக்கழக மாணவர்கள் தத்தம் ஊர்களில் இதனைத் தொடங்கலாம். எந்த ஒலிக்கு யார் அழுதனர், யார் ஆடினர், யார் வெளியே நிறுத்தப்பட்டனர் என்ற மூன்று வினாக்களோடு சென்றாற் போதும். மற்றையது, கிளர்ச்சியுறும் கேட்போரைத் தம் கிளர்ச்சியின் காரணத்தை வினவும் கேட்போராக்குதல். உணர்ச்சியைக் கைவிடும்படி நாம் கோரவில்லை. அறிவோடு கூடிய உணர்ச்சியையே கோருகின்றோம். பிரட்டுத் தப்பின் ஒலியைத் தம் கூத்தின் ஒலியாக மாற்றிக்கொண்ட மலையக மக்கள், இசைக்கு ஆட்படுதல் மட்டுமன்றி, இசையை ஆளுதலும் மனிதருக்கு இயலும் என்பதை எப்போதோ காட்டிவிட்டனர்.